டி டிரைவில் போட்டு வைத்தால் போதுமா? வீட்டு போட்டோ, வீடியோக்களை காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

சென்னை:

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி இரவு அடையாற்றில் வந்த வெள்ளத்தை சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம், முடிச்சூர் என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளில் வீட்டுக்குள் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீர். தண்ணீர் வடிந்த பிறகு தெரு முழுக்க மெத்தை, பிரிட்ஜ், பீரோ கதவு என்று குப்பை மேடு. அந்த மேட்டில் சேறு அப்பிய கம்ப்யூட்டர்களும் கிடந்தன.

முடிச்சூரில் எங்கள் சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டரும் அதில் ஒன்று.

சித்தப்பா அஜாக்கிரதையான ஆள் இல்லை. டிஜிட்டல் கேமரா வாங்கிய நாளில் இருந்து ஒவ்வொரு வருஷத்து போட்டோவையும் டி.வி.டி.யில் எழுதி, மேலே வருஷத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்து, கவரில் போட்டு அடுக்கி வைத்திருந்தார். மகள் கல்யாண வீடியோ, பாட்டியின் எண்பதாம் கல்யாணம், கொடைக்கானல் டூர் எல்லாம் சேர்த்து 30 டி.வி.டி.க்கு மேல் இருக்கும். எங்கே வைத்திருந்தார்? கம்ப்யூட்டர் மேஜையின் கீழ் டிராயரில். சி.பி.யூ. தரையில் இருந்தது. டி.வி.டி.க்கள் அதற்கு ஒரு அடி மேலே இருந்தன. வீட்டுக்குள் வந்தது நாலு அடி தண்ணீர்.

"பேக்கப் எடுத்து வச்சிருந்தேனேடா" என்று அவர் திரும்ப திரும்ப சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

டி.வி. போனால் வேறு டி.வி. வாங்கலாம். இறந்து போன பாட்டி சிரிக்கும் போட்டோவை எந்த கடையில் வாங்குவது?

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் மழையின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம், முடிச்சூர் பக்கம் மறுபடியும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மழை மட்டும் அல்ல. மின்னழுத்தம் எகிறுவது, திருட்டு, குழந்தை தட்டி விடுவது, வைரஸ், "சார் பார்மட் பண்ணிட்டேன்" என்ற சர்வீஸ் பையன் - கம்ப்யூட்டரில் உள்ளது போவதற்கு நூறு வழி இருக்கிறது.

சி-யும் டி-யும் ஒரே வீடுதான்

முதலில் ஒரு தப்புக் கணக்கை தீர்த்து விடுவோம். "முக்கியமானதை எல்லாம் டி டிரைவ்ல காப்பி பண்ணி வச்சிருக்கேன்" என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பெரும்பாலான வீட்டு கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே ஒரு டிஸ்க். அதையே சி, டி, ஈ என்று தடுத்து வைத்திருப்பார்கள். ஒரே வீட்டை தட்டி போட்டு இரண்டு போர்ஷன் ஆக்கியது மாதிரி. வீடு இடிந்தால் இரண்டு போர்ஷனும் சேர்ந்துதான் இடியும்.

டி டிரைவில் போடுவதால் ஒரே ஒரு லாபம் உண்டு. விண்டோசை அழித்து திரும்ப போடும்போது சி மட்டும் அழியும், டி தப்பிக்கும். இந்த ஒரு அனுபவத்தை வைத்துத்தான் அது பத்திரமான இடம் என்ற நம்பிக்கை பரவி விட்டது. டிஸ்க்கே பழுதானால் டி-யும் காலி.

இன்னொன்று. டெஸ்க்டாப்பில் அதாவது ஸ்கிரீனிலேயே எல்லா பைலையும் பரப்பி வைக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய. அந்த டெஸ்க்டாப் இருப்பது பொதுவாக சி டிரைவுக்குள். மை டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமும் அப்படித்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு நிறுத்தியதால் பலர் பழைய கம்ப்யூட்டரை பார்மட் செய்து வேறு விண்டோஸ் போடுகிறார்கள், அல்லது விற்கிறார்கள். கடைக்கு தூக்கிக் கொண்டு போவதற்கு முன்பு இந்த போல்டர்களை எல்லாம் ஒரு முறை பார்த்து விடுங்கள். வியாபாரிகள் டேலி டேட்டா போல்டர் எந்த டிரைவில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்காரரிடம் "டேட்டா எதுவும் போகக்கூடாது" என்று வாயால் சொல்லி விட்டு வருவது பேக்கப் ஆகாது.

பழைய சி.டி., டி.வி.டி.க்கள் என்ன ஆகும்?

ஒரு சி.டி.யில் 700 எம்.பி. பிடிக்கும். சாதாரண டி.வி.டி.யில் 4.7 ஜி.பி. என்று அட்டையில் போட்டிருக்கும், கம்ப்யூட்டர் 4.38 என்று காட்டும். ஏமாற்று வேலை அல்ல, கணக்கு போடும் முறை வேறு. 2000-களில் இது பெரிய இடம். இன்றைக்கு செல்போனில் எடுக்கும் ஒரு கல்யாண வீடியோவுக்கே போதாது.

கடையில் வாங்கும் சினிமா டி.வி.டி. வேறு, நாம் வீட்டில் எழுதும் டி.வி.டி. வேறு. சினிமா டிஸ்க்கில் தகவல் அச்சு போல பிளாஸ்டிக்கிலேயே அழுத்தப்பட்டிருக்கும். நாம் எழுதும் டிஸ்க்கில் மெல்லிய சாய பூச்சு ஒன்று இருக்கும். ரைட்டரில் உள்ள லேசர் அந்த சாயத்தில் சூடு போட்டு புள்ளி புள்ளியாக எழுதுகிறது. சாயம் என்றால் வெளுக்கும். வெயில் பட்டால் சீக்கிரம் வெளுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். ஜன்னல் ஓரம் ஷோகேசில் அழகாக அடுக்கி வைத்த டிஸ்க்குகளை விட, பீரோவுக்குள் இருட்டில் கிடந்தவை நன்றாக இருப்பதற்கு இதுதான் காரணம். எத்தனை வருஷம் தாங்கும் என்று ஒரே கணக்கு சொல்ல முடியாது. 20 வருஷம் கழித்தும் ஓடும் டிஸ்க் உண்டு, நாலே வருஷத்தில் பல்லிளித்த டிஸ்க்கும் உண்டு. மலிவு விலையில் கவர் கூட இல்லாமல் கட்டாக வாங்கியவை பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

அழித்து அழித்து எழுதும் ஆர்.டபிள்யூ. டிஸ்க்குகளை ரொம்ப நாள் சேமிப்புக்கு நம்ப வேண்டாம்.

பலருக்கு தெரியாத ஒரு விஷயம். சி.டி.யின் பளபளக்கும் அடிப்பக்கத்தை கண் போல பார்த்துக்கொண்டு, பெயர் எழுதும் மேல் பக்கத்தை கண்டபடி தேய்ப்போம். உண்மையில் ஆபத்து மேல் பக்கத்தில்தான் அதிகம். சி.டி.யில் தகவல் இருக்கும் பூச்சு மேல் பக்கத்துக்கு கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அதற்கு மேல் வெறும் வார்னிஷ் மாதிரி ஒரு படலம்தான் காவல். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் கதை முடிந்தது. அடிப்பக்கத்து லேசான கீறலை கூட பாலிஷ் செய்து விடலாம், மேல் பக்கம் உரிந்தால் தகவலே உரிந்து போகும். டி.வி.டி. இந்த விஷயத்தில் கொஞ்சம் தேவலாம். இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே பூச்சு மாட்டியிருக்கும். இரண்டிலுமே ஒட்டும் ஸ்டிக்கர் வேண்டாம். ஸ்டிக்கர் காய்ந்து சுருங்கினால் டிஸ்க் வளையும், சுற்றும்போது ஆடும். எழுதியே ஆக வேண்டும் என்றால் நடு ஓட்டையை சுற்றி உள்ள கண்ணாடி போன்ற பகுதியில் சி.டி. மார்க்கரால் எழுதுங்கள்.

சரி, வீட்டில் கிடக்கும் பழைய டிஸ்க்குகளை என்ன செய்வது? இப்போதே, இந்த வாரமே, ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி விட வேண்டும். தள்ளிப் போட்டால் இரண்டு பக்கமும் இடி. ஒரு பக்கம் டிஸ்க் வெளுத்துக் கொண்டிருக்கிறது. இன்னொரு பக்கம் அதை படிக்கும் டிரைவே காணாமல் போகிறது. புது லேப்டாப்புகளில் பெரும்பாலும் டி.வி.டி. டிரைவ் கிடையாது. எழுதும் புளூரே டிஸ்க் தயாரிப்பையே சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் நிறுத்தி விட்டது. யு.எஸ்.பி.யில் செருகும் டி.வி.டி. ரைட்டர் ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. ஒன்றை வாங்கி, அக்கம்பக்கத்து நாலு வீட்டுக்கும் சேர்த்து வேலையை முடித்து விடலாம்.

டிஸ்க் படிக்கவில்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். மெல்லிய பருத்தி துணியால் நடுவில் இருந்து ஓரத்துக்கு நேர்கோடாக துடைக்க வேண்டும். வட்டம் வட்டமாக துடைக்கக்கூடாது, எழுத்தும் வட்டமாகத்தான் ஓடுகிறது, கீறல் அதன் கூடவே ஓடும். பிறகும் வரவில்லை என்றால் வேறு டிரைவில் போட்டு பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொரு டிரைவ் படிப்பது சகஜம். மினி டி.வி.டி. போடும் பழைய வீடியோ கேமராவில் எடுத்தவை என்றால், அந்த கேமராவிலேயே பைனலைஸ் செய்தால்தான் கம்ப்யூட்டரில் தெரியும். கேமராவை எடைக்கு போட்டிருந்தால் சிரமம்தான்.

கல்யாண வீடியோ டி.வி.டி.யை காப்பி செய்யும்போது உள்ளே வீடியோ டி.எஸ். என்று ஒரு போல்டர் இருக்கும். அதை அப்படியே முழுசாக எடுக்க வேண்டும். "ஸ்டூடியோக்காரர் வச்சிருப்பாரு" என்று நம்பி இருக்க வேண்டாம். அவர் வருஷத்துக்கு எத்தனையோ கல்யாணம் எடுக்கிறார். எல்லாவற்றையும் எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்?

ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா, பென் டிரைவ் போதுமா?

1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றில் 200-க்கும் மேற்பட்ட டி.வி.டி.க்களில் உள்ளது அடங்கி விடும். வீட்டு உபயோகத்துக்கு இதுதான் சரி. புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. பழைய லேப்டாப் செத்துப் போனாலும் அதில் இருந்த டிஸ்க் பல நேரம் உயிரோடு இருக்கும். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் கேசிங் என்று கேட்டால் கொடுப்பார்கள். டிஸ்க்கை அதற்குள் மாட்டினால் யு.எஸ்.பி. டிஸ்க் ரெடி. லேப்டாப்பில் இருந்து எடுத்த இரண்டரை இஞ்ச் டிஸ்க் பெரும்பாலும் யு.எஸ்.பி. கரண்டிலேயே ஓடும். டெஸ்க்டாப்பில் இருந்து எடுத்த மூன்றரை இஞ்ச் டிஸ்க் என்றால் தனி அடாப்டர் உள்ள கேசிங் வேண்டும். ரொம்ப பழைய டிஸ்க்குகளில் பட்டையான ரிப்பன் கேபிள் போடும் ஐ.டி.இ. ரகம் இருக்கும், அதற்கு வேறு மாதிரி கேசிங். அதனால் டிஸ்க்கை கையோடு எடுத்துப் போய் காட்டி வாங்குவது உத்தமம்.

ஆனால் பத்து வருஷம் ஓடிக் களைத்த டிஸ்க்கை ஒரே காப்பியாக நம்பக்கூடாது. இரண்டாவது, மூன்றாவது காப்பிக்கு அது போதும்.

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே தட்டுகள் நிமிஷத்துக்கு 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்று வேகத்தில் சுழல்கின்றன. படிக்கும் முனை அதன் மேல் தலைமுடி கனத்தை விட குறைந்த இடைவெளியில் பறக்கிறது. ஓடும்போது மேஜையில் இருந்து விழுந்தால் கதம். "டக்... டக்..." என்று சத்தம் வந்தால் அது டிஸ்க்கின் கடைசி எச்சரிக்கை. திரும்ப திரும்ப ஆன் செய்து பார்க்காமல் அணைத்து விடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தட்டில் கீறல் விழ வாய்ப்பு இருக்கிறது. எஸ்.எஸ்.டி. என்றால் இந்த சத்தமும் கிடையாது. காலையில் இருக்கும், மாலையில் இருக்காது.

பென் டிரைவ், மெமரி கார்டு எல்லாம் கொண்டு போக, கொண்டு வரத்தான். உள்ளே தகவல் மின்னேற்றமாக அடைபட்டிருக்கிறது, வருஷக்கணக்கில் சும்மா கிடந்தால் அது கசியலாம். அதிலும் "2 டி.பி. பென் டிரைவ்" என்று கையளவு காசுக்கு விற்கிறார்களே, அதில் உஷார்! பல நேரம் உள்ளே இருப்பது சிறிய சிப். கம்ப்யூட்டர் 2 டி.பி. என்றே காட்டும்படி மாற்றி வைத்திருப்பார்கள். நீங்கள் காப்பி செய்வீர்கள், பைல் பெயர்கள் எல்லாம் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச புரோகிராம் டிரைவ் முழுக்க எழுதி திரும்ப படித்து பார்த்து உண்மை அளவை சொல்லி விடும். வாங்கியவுடன், எதையும் ஏற்றுவதற்கு முன்பு, ஒரு தடவை ஓட்டி பாருங்கள்.

பெரிய வீடியோ ஒன்று மட்டும் காப்பி ஆக மறுக்கிறதா? டிரைவ் எப்.ஏ.டி.32 முறையில் பார்மட் ஆகி இருக்கும். அதில் ஒரு பைல் 4 ஜி.பி.க்கு மேல் போக முடியாது. எக்ஸ்பேட் முறைக்கு மாற்றினால் சரியாகி விடும். மாற்றும்போது டிரைவில் உள்ளது எல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

செருகியே வைக்காதீர்கள்

காப்பி முடிந்ததும் டிஸ்க்கை கழற்றி வைக்க வேண்டும். சும்மா சொல்லவில்லை. 2017 மே 12-ந்தேதி வான்னகிரை என்ற வைரஸ் உலகம் முழுக்க ஒரே நாளில் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ள பைல்களை எல்லாம் பூட்டி விட்டு, திறக்க 300 டாலர் பிட்காயின் கொடு என்று மிரட்டியது. இந்த மாதிரி வைரஸ் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க், வெளியே செருகி இருக்கும் டிஸ்க் என்று பார்ப்பதில்லை. கண்ணில் பட்டதை எல்லாம் பூட்டும். கழற்றி பீரோவில் வைத்த டிஸ்க்கை அதனால் தொட முடியாது.

"நம்ம போட்டோ எல்லாம் கூகுள்ல இருக்கே" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூகுள் போட்டோஸ் அளவில்லாமல் இலவசமாக கொடுத்தது 2021 ஜூன் 1-ந்தேதியோடு முடிந்தது. அதன் பிறகு ஏற்றுவது எல்லாம் உங்கள் கணக்கின் இடத்தில் கழியும். இடம் நிறைந்தால் புதிய போட்டோ ஏறாது. பல பேருக்கு ஏறாமல் நின்று போனதே தெரியாது. அதோடு, போனில் உள்ள அந்த ஆப்பில் ஒரு போட்டோவை அழித்தால் மேலே உள்ளதும் சேர்ந்து குப்பை தொட்டிக்கு போகும். நெட்டில் ஒரு காப்பி இருப்பது நல்லதுதான், அது மட்டுமே போதாது.

கைக்குழந்தை காப்பாற்றிய சினிமா

பெரிய கம்பெனிகளே இதில் கோட்டை விட்டிருக்கின்றன. டாய் ஸ்டோரி 2 படத்தை எடுத்துக் கொண்டிருந்த பிக்சார் நிறுவனத்தில் 1998-ல் யாரோ தப்பான கட்டளையை அடித்து விட, படத்தின் பைல்கள் கண் முன்னே ஒவ்வொன்றாக மறைய தொடங்கின. பெரும்பகுதி படம் போச்சு. பேக்கப் இருக்கிறதே என்று போய் பார்த்தால், அது சில வாரங்களாக சரியாக எழுதப்படவே இல்லை. யாரும் திறந்து பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

காப்பாற்றியது யார் தெரியுமா? படத்தின் டெக்னிக்கல் டைரக்டர் கேலின் சூஸ்மன். பிரசவமாகி கைக்குழந்தையோடு இருந்ததால் வீட்டில் இருந்தே வேலை பார்த்தார். அதற்காக படத்தின் காப்பி ஒன்று அவர் வீட்டு கம்ப்யூட்டரில் இருந்தது. அந்த கம்ப்யூட்டரை போர்வையில் சுற்றி, காரில் சீட் பெல்ட் போட்டு, மெதுவாக ஓட்டிக்கொண்டு ஆபீசுக்கு கொண்டு வந்தார்கள். படம் 1999-ல் வெளியாகி வசூலை அள்ளியது. (காப்பாற்றிய கதையை பிறகு அவர்களே பெரும்பாலும் மாற்றி எடுத்தார்கள் என்பது வேறு விஷயம்.)

எங்கள் சித்தப்பாவுக்கும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. வெள்ளம் வடிந்து ஆறு மாதம் கழித்து திருச்சியில் ஒரு விசேஷம். அங்கே மாமா வீட்டு டி.வி. ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு டி.வி.டி. கிடந்தது. மகள் கல்யாணத்துக்கு வர முடியாத அவருக்கு எப்போதோ கூரியரில் அனுப்பியது. மாமா அதை ஒரு தடவை கூட போட்டு பார்க்கவில்லை. கவர் கூட பிரிக்கவில்லை. அந்த சோம்பேறித்தனத்துக்கு சித்தப்பா இன்றைக்கும் நன்றி சொல்கிறார். கல்யாணம் மட்டும் திரும்ப கிடைத்தது. பாட்டியின் எண்பதாம் கல்யாணம் கிடைக்கவில்லை.

மூணு காப்பி, ரெண்டு ரகம், ஒண்ணு வெளியூர்

பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்க போட்டோகிராபர் 2000-களில் பிரபலப்படுத்திய கணக்கு இது. முக்கியமான எதுவும் மூன்று காப்பி இருக்க வேண்டும். அவை இரண்டு வேறு வகை சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறு இடத்தில் இருக்க வேண்டும். நம் வீட்டுக்கு மாற்றி சொன்னால்: கம்ப்யூட்டரில் ஒன்று, கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, ரொம்ப முக்கியமானது மட்டும் டி.வி.டி.யிலோ நெட்டிலோ ஒன்று. இதில் ஏதாவது ஒன்று வீட்டை விட்டு வெளியே.

வெளியே என்றால் பேங்க் லாக்கர்தான் என்று இல்லை. அக்கா வீடு மதுரையில் இருக்கிறதா? பொங்கலுக்கு போகும்போது உங்கள் டிஸ்க்கை அங்கே கொடுத்து விட்டு, அவர்கள் டிஸ்க்கை நீங்கள் வாங்கி வாருங்கள். அடுத்த வருஷம் மாற்றிக் கொள்ளலாம். சென்னையிலேயே என்றால் மாடி வீட்டு நண்பர் போதும், ஆனால் இரண்டு வீடும் ஒரே ஏரிக்கரையில் இருந்தால் பிரயோஜனம் இல்லை.

ஆதார், பத்திரம், பாஸ்புக் ஸ்கேன்களை அப்படி கொடுக்கும் டிஸ்க்கில் திறந்தபடி வைக்காதீர்கள். வேராகிரிப்ட் போன்ற இலவச புரோகிராமில் பாஸ்வேர்டு போட்டு பூட்டி விடலாம். பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும் இடத்தில் வையுங்கள். மறந்தால் அந்த பூட்டை யாராலும் திறக்க முடியாது.

டி.டி.பி. சென்டர்காரர்கள் கவனத்துக்கு

தமிழில் டைப் செய்பவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தலைவலி உண்டு. பாமினி, ஸ்ரீலிபி, டாம், டேப் என்று ஆளுக்கு ஒரு எழுத்துருவில் அடித்த காலம் அது. 1999-ல் தமிழ்நாடு அரசு டாம், டேப் முறைகளை தரமாக அறிவித்தது, 2010-ல் யூனிகோடுக்கு மாறியது. நடுவில் அடித்த கோவில் மலர், பாட புத்தகம், கல்யாண பத்திரிகை பைல்களை பத்திரமாக சி.டி.யில் எழுதி வைத்தவர்கள் பலர் எழுத்துருவை எழுதி வைக்கவில்லை. இன்றைக்கு திறந்தால் ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக கொட்டுகிறது. அதனால் பைலோடு அந்த எழுத்துரு பைலையும் சேர்த்து காப்பி செய்யுங்கள். பேஜ்மேக்கர் பைல்கள் இப்போதைய இன்டிசைனில் திறக்காது. பழைய கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றையும் பி.டி.எப். ஆகவும் மாற்றி வைத்து விட்டால், பிறகு பார்க்கவாவது முடியும்.

நனைந்து விட்டால்...

வெள்ளத்துக்கு பிறகு சித்தப்பா வீட்டில் இரண்டு தப்பு நடந்தது. ஹார்ட் டிஸ்க்கை கழற்றி மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் காய வைத்தார்கள். பிறகு மாட்டி ஆன் செய்தார்கள். "கிர்ர்" என்று ஒரு சத்தம், அதோடு சரி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்று போக சின்ன துளை இருக்கும். அந்த வழியாக சேற்று தண்ணீர் உள்ளே போய், காய்ந்த பிறகு மண் தட்டிலேயே ஒட்டிக் கொள்கிறது. நனைந்த டிஸ்க்கை காய வைக்கவும் கூடாது, ஆன் செய்யவும் கூடாது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி, டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் அப்படியே கொடுக்க வேண்டும். செலவு ஆயிரக்கணக்கில் ஆகும், உத்தரவாதமும் கிடையாது. ஆனால் வாய்ப்பு அப்போதுதான் இருக்கிறது.

இரண்டாவது தப்புதான் மனதை அறுக்கிறது. மூன்று நாள் சேற்றில் ஊறிய 30 டி.வி.டி.க்களையும் "இனிமே எங்க வேலை செய்யும்" என்று குப்பையில் போட்டு விட்டார்கள். டி.வி.டி. பிளாஸ்டிக். நல்ல தண்ணீரில் அலசி, ஒட்டிய காகித கவரை மெதுவாக எடுத்து, தேய்க்காமல் தட்டு ஸ்டாண்டில் நிறுத்தி நிழலில் காய வைத்திருந்தால் அதில் பல தேறி இருக்கும். எனக்கே அது பிறகுதான் தெரிந்தது.

ஆயுத பூஜைக்கு ஒரு வேலை

எப்போது செய்வது என்று கேட்டால், வருஷத்தில் ஒரு நாள் கம்ப்யூட்டரை எல்லோரும் துடைத்து பொட்டு வைக்கிறோம். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நல்ல நாள். கடைகள், ஆபீஸ்கள் வாரம் ஒரு முறையாவது செய்ய வேண்டும், வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு மூன்று முறை போதும். காப்பி முடிந்த பிறகு, புது டிஸ்க்கில் இருந்து நாலைந்து பைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். பழைய போட்டோ ஒன்று, வீடியோவின் நடுப்பகுதி ஒன்று, கணக்கு பைல் ஒன்று. திறந்தால்தான் அது காப்பி. டிஸ்க்கின் மேல் தேதியை எழுதி ஒட்டுங்கள், ஹார்ட் டிஸ்க்குக்கு ஸ்டிக்கர் தாராளமாக ஒட்டலாம். சேப்லி ரிமூவ் கொடுத்து, விளக்கு அணைந்த பிறகு கழற்றுங்கள்.

சந்தனம், குங்குமத்தை கேசிங்கின் மேல் வைத்தால் போதும், யு.எஸ்.பி. ஓட்டை பக்கம் வேண்டாம்.